பாலத்துக்கு நன்றி சொன்ன வகையில்

அடோமாசே
மே 12, திங்கட்கிழமை

நிதி அமைச்சகத்தின் வெளிநாட்டுக் கடன், மானியப் பிரிவில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகனும், எனக்குப் பின் என் கோக்கோத் தோட்டத்துக்கும் துணிமணிக்கும் பேச்சுக்கோலுக்கும் வாரிசுமான யாவ் ஓபெங்குக்கு, அடோமாசே ஊர்த் தலைவர் நானா பொபியின் பேச்சாளனும், ஊரால் ஒச்சியாமே என்று அழைக்கப்படுபவனும், உன் தாய்மாமனுமான குவாகு டார்க்வா எழுதிக்கொண்டது.

மருமகனே, மேலே படிக்கும் முன் எழுந்து போய் ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு வா. வீட்டுக்கு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வந்த காரியம் கேட்பது நம்மில் கிடையாது. வந்திருப்பது கடிதம் என்பதால் அதற்குப் பதில் நீ குடி. குடித்தாயிற்றா? நல்லது. இங்கே அமைதி. கெட்ட சேதி எதுவும் கொண்டுவரவில்லை. என் இடுப்புவலி போன மாதம் இருந்தபடியே இருக்கிறது, உன் மாமி சௌக்கியம், கோக்கோ பூ விட்டிருக்கிறது, உன் அம்மா என்னோடு பேசுவதில்லை, பாலத்து வேலை நின்று இன்றோடு இருபத்து மூன்று நாள், என் வீட்டுக் கொல்லையில் ஒரு வெளிநாட்டு அரசாங்கத்தின் ஆடு கட்டியிருக்கிறது. மற்றபடி அமைதி.

நீ போனில் கேட்டாய், "மாமா, அங்க என்னதான் பண்ணித் தொலைச்சீங்க? இங்க என் மேலதிகாரி என்னை நிக்கவெச்சுக் கேக்கறாரு" என்று. போனில் பதில் சொன்னால் நீ நடுநடுவே பேசுவாய். முப்பத்தொரு வருஷம் ஒரு தலைவருக்கு வாயாக இருந்தவனை நடுவில் நிறுத்தினால் மூச்சு முட்டும். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு.

நம் அபோன்சு ஆற்றுக்கு ஒரு பாலம் வேண்டுமென்று சுதந்திரம் வந்த வருஷத்திலிருந்து மனுப் போட்டுக்கொண்டிருக்கிறோம். முதலில் ஒரு நாடு மானியம் கொடுத்தது. மானியம் என்றால் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று அன்றைக்கு நீதான் விளக்கினாய். அந்த மானியத்தில் நான்கு பேர் வந்து, குமாசி நகரத்தில் குளிர்சாதன அறை எடுத்துத் தங்கி, இரண்டு வருஷம் வந்து வந்து போய், இந்த ஆற்றுக்குப் பாலம் தேவையா என்று ஆராய்ந்து, தேவைதான் என்று முந்நூறு பக்கத்துக்குப் புத்தகம் போட்டுக் கொடுத்தார்கள். பணம் அதோடு தீர்ந்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பதால் நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. நானாவின் அரண்மனையில் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அந்தப் புத்தகம் உதவுகிறது. பிறகு இன்னொரு நாடு வந்தது. அதன் பெயரை நான் எழுதவில்லை, கடிதம் பஸ் டிரைவர் கையில் வருகிறது, அவனுக்கு வாசிக்கத் தெரியும். இந்த நாடு கொடுத்தது கடன். கிறிஸ்துமசுக்கு வந்தபோது நீ எனக்கு அதையும் விளக்கினாய். இருபத்தைந்து வருஷத்தில் கட்ட வேண்டியது, முதல் ஐந்து வருஷம் கட்ட வேண்டாம், வட்டி இரண்டு விழுக்காடு, ஆகக்கூடி இந்தக் கடனில் முப்பத்தைந்து விழுக்காடு மானியக் கூறு என்றாய். "ஒரு ஆட்டுல மூணுல ஒரு பங்கு கோழிங்கிறியா?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. கிளம்பும்போது, "மாமா, விழாவுல கடன்ங்கிற வார்த்தை மட்டும் தெளிவா விழணும், ஒப்பந்தத்துல அப்படி இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினாய். நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சொல்லவில்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை.

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை விழா. இரண்டு கரையிலிருந்தும் பாலம் வளர்ந்து வந்து நடுவில் பதினெட்டு அடி மட்டும் பாக்கி. அதைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போக அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து இரண்டாம் செயலர் வந்தார். உயரமான மனிதர், அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. தண்ணீர் கொடுத்தோம், குடித்தார். வந்த காரியம் கேட்டோம், "உங்களுக்குத்தான் தெரியுமே" என்றார். சரி, பிற தேசத்தார், போகட்டும் என்று விட்டோம். எந்தக் கிழமையில் பிறந்தீர்கள் என்று கேட்டோம். தெரியாது என்றார். நாற்பது வயது மனிதர், படித்தவர், ஒரு நாட்டின் பணத்தைக் கையில் வைத்திருக்கிறவர், தான் பிறந்த கிழமை தெரியாது என்கிறார். பெண்கள் பக்கத்தில், "பாவம், தாயில்லாம வளந்திருக்கும்" என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கூட வந்த புகைப்படக்காரர் போனில் தேடிச் செவ்வாய்க்கிழமை என்று கண்டுபிடித்துச் சொன்னார். அதிலிருந்து ஊரில் அவருக்குச் செவ்வாய்க்கிழமைப் பெயர், குவாபெனா. அவருக்கு அது தெரியாது.

அப்புறம் பேச்சு. முக்கால் மணி நேரம் பேசினார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் நானாவுக்கு நம் பாஷையில் சொல்ல வேண்டும். வெறும் எலும்பாக வரும் பேச்சுக்குச் சதை வைத்துக் கொடுப்பதுதான் பேச்சாளன் வேலை. மொட்டையாகச் சொல்வதென்றால் அதற்குப் பள்ளிக்கூட வாத்தியார் போதும், தங்கத்தகடு பதித்த கோல் எதற்கு? நான் சதை வைத்தேன். நம் பெண்கள் தலையில் கோக்கோ மூட்டையோடு கரையில் காத்துக் கிடப்பதைத் தூரத்து நண்பர் கேள்விப்பட்டு, மனம் பொறுக்காமல் கையை நீட்டியிருக்கிறார் என்றேன். பாதிப் பெண்கள் அழுதார்கள். கரடுமுரடான சொல் எதுவும் தலைவரின் காதைச் சுடாமல் பார்த்துக்கொள்ளத்தான் நடுவில் நான் இருக்கிறேன். மற்றபடி அவர் சொன்னதில் பொருள் எதையும் நான் விட்டுவிடவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நானா உருகிப்போய்விட்டார். என் காதோரம் குனிந்து, "ஒச்சியாமே, இவ்வளவு பண்ணினவரைச் சும்மா அனுப்பலாமா? அசெதா குடுங்க" என்றார். நன்றிப்பொருளாக ஸ்நாப்ஸ் சாராயம் இரண்டு பச்சைப் புட்டியும் ஒரு பெண்ணாடும் வந்தன. குவாபெனா முதலில் இடது கையை நீட்டினார், சபையே தலையைத் திருப்பிக்கொண்டது, நான் கண்ணைக் காட்டினேன், பிறகு இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தோம். தரையில் மூதாதையருக்குச் சிந்த வேண்டிய பங்கையும் சேர்த்து ஒரே மூச்சில் அவரே குடித்துவிட்டார். நன்றாக இருக்கிறது என்றார்.

இங்கேதான் உன் அமைச்சகம் விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தலைநகரம் அக்ராவுக்குப் போனதில் உனக்கு மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். ஒருவர் ஒரு பொருளைக் கொடுக்கிறார். வாங்கியவர் சபையில் சாட்சி வைத்து நன்றிப்பொருள் கொடுக்கிறார். கொடுத்தவர் அதை ஏற்றுக்கொள்கிறார். அந்த நொடியிலிருந்து அது தானம். அப்புறம் கொடுத்தவரே வந்து என் பொருள் என்று அழுதாலும் வராது. கடன் கொடுத்தவனுக்கு யாராவது அசெதா கொடுப்பார்களா? கடனுக்குத் திருப்பிக் கட்டுவதுதான் நன்றி. இது நான் சொந்தமாக ஜோடித்த சட்டமில்லை. உன் படிப்புக்குப் பணம் தந்த அந்தக் கிழக்குத் தோட்டம் நம் குடும்பத்துக்கு நின்றதே இரண்டு புட்டியால்தான். கொடுத்தவரின் பிள்ளைகள் வழக்குப் போட்டபோது நீதிபதி கேட்டது ஒரே கேள்வி: அசெதா கொடுத்தீர்களா, யார் பார்த்தது? ஏழு பேர் கையைத் தூக்கினோம், வழக்கு முடிந்தது. பாலத்துக்கு அறுநூறு பேர் சாட்சி. போதாக்குறைக்கு அவர்களுடைய புகைப்படக்காரரே வீடியோவும் எடுத்திருக்கிறார்.

அதோடு விட்டிருந்தால் பாலம் முடிந்திருக்கும் என்று உன் அம்மா சொல்கிறாள். ஆனால் நன்றி சொன்னவன் மறுநாள் விடியலில் மறுபடி போய்ச் சொல்லாவிட்டால் முதல்நாள் சொன்னது வெறும் வாய்வார்த்தை இல்லையா? குவாபெனா சாயங்காலமே அக்ரா திரும்பிவிட்டார். அதனால் நானா உத்தரவுப்படி பன்னிரண்டு பேர், இரண்டு முரசு, தலைமைக்கு நான், பஸ் பிடித்துப் போய் விடியலில் தூதரக வாசலில் இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை என்பது யாருக்கும் தோன்றவில்லை. முரசு முழங்கியதும் காவலாளிகள் பயந்துபோய் உள்ளே ஓடி, கடைசியில் தூதரே வீட்டு உடுப்போடு வந்தார். முத்திரை குத்திய கடிதத்தைக் கொடுத்தேன். தங்கள் அரசு எங்களுக்கு அன்பளிப்பாக வழங்கிய பாலத்துக்கு ஊரின் நன்றி என்று அழகான கையெழுத்தில் நானே எழுதியது. அன்பளிப்பு என்ற சொல்லில் விரலை வைத்து அவர் இரண்டு தரம் படித்ததை நானே பார்த்தேன். ரொம்பவும் நெகிழ்ந்துவிட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நெகிழவில்லை. அவர்கள் நாட்டில் கடன் கொடுக்க ஒரு அமைச்சகமாம், மானியம் கொடுக்க வேறொரு அமைச்சகமாம், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம். கடன் கொடுக்கிற அமைச்சகம் ரகசியமாகத் தானம் செய்துவிட்டது என்று மானிய அமைச்சகத்தார் பிடித்துக்கொண்டார்கள். அங்கே விசாரணை நடக்கும்போதே இங்கே ஆட்டுக்கும் விசாரணை. காரில் ஏற்ற மாட்டேன் என்று குவாபெனா அதை என் பொறுப்பில் விட்டுப்போயிருந்தார். தூதரகத்தார் பெறும் அன்பளிப்பு ஒரு மதிப்புக்கு மேல் போனால் அரசாங்கத்தைச் சேரும் என்று சொல்லி, எனக்கு இரண்டு படிவம் வந்தது. ஆட்டின் நிறம், வயது, எந்த நோக்கத்துக்கு வழங்கப்பட்டது, தற்போது எந்த நிலையில் உள்ளது. எல்லாம் நிரப்பி, நல்ல நிலையில் இருப்பதாக எழுதி அனுப்பினேன். ஏப்ரல் மாதம் அது இரண்டு குட்டி போட்டது. குட்டிகளை ஏன் முதல் படிவத்தில் தெரிவிக்கவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. மூன்றும் சேர்ந்து உன் மாமியின் மரவள்ளியை வேரோடு தின்கின்றன. வெளிநாட்டு அரசாங்கச் சொத்து என்பதால் குச்சியால்கூட விரட்ட முடியவில்லை. வட்டி குட்டி போடும் என்று கேட்டிருக்கிறேன், நன்றியும் போடும் என்பது எனக்குப் புதிது.

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. கொடுத்த பணத்தின் தன்மை தெளிவாகும் வரை யாரும் பாலத்தில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. கடைசி உத்தரங்கள் கரையில் கிடக்கின்றன. அந்த நாட்டிலிருந்து வந்த மேஸ்திரி, அதுதான் மூன்று வருஷமாக இங்கேயே கிடக்கிறாரே, அவர், காலையில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்து அந்த உத்தரத்தின் மேல் உட்கார்ந்து படகோட்டி எசுமானோடு கட்டம் போட்டுக் காய் ஆடுகிறார். சாயங்காலம் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு போகிறார். எசுமான்தான் எப்போதும் ஜெயிக்கிறான் என்று கேள்வி.

பத்து நாள் முன்பு குவாபெனா மறுபடி வந்தார், கையில் ஒரு தாள். இந்தப் பாலம் கடனில் கட்டப்படுவது என்று தான் அறிந்திருப்பதாக நானா கையெழுத்துப் போட்டால் மறுநாளே வேலை தொடங்கும். நானா தாளைத் தொடவில்லை. "ஒச்சியாமே, அவருகிட்ட கேளுங்க. என் நன்றியை ரெண்டு கையாலயும் வாங்கிக் குடிச்சாரா இல்லையா?" என்றார். கேட்டேன். "குடிச்சேன். மரியாதைக்குக் குடிச்சேன். எங்க நாட்டுல குடிச்சா கடன் தீராதுங்க" என்றார் அவர். "எங்க ஊர்ல நன்றி வாங்கினவங்க பின்னாடி வந்து சீட்டு நீட்ட மாட்டாங்க. அன்னிக்கு ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சா?" என்றார் நானா. குவாபெனா தன் நோட்டைப் புரட்டிப் பார்த்து, அன்றைக்கும் கடன் என்றுதான் சொன்னேன், ஐந்து இடத்தில் சொல்லியிருக்கிறேன் என்றார். சபை முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. நானாவும் பார்த்தார். நான், "நானா, அன்னிக்கு இந்த சபை காதுல என்ன விழுந்துச்சோ அதுதான் பேச்சு" என்றேன். யோசித்துப் பார், இதில் பொய் ஒன்றும் இல்லை. நானா அவரிடம் திரும்பி, "முப்பத்தொரு வருஷமா என் வாய் பொய் சொன்னதில்ல" என்றார். குவாபெனா தாளைக் கையெழுத்தில்லாமல் அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

உன் அம்மா பேசாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். உன் தங்கை அகோசுவாவுக்கு இது ஒன்பதாம் மாதம். போன தடவை பிள்ளை குறுக்கே திரும்பிக்கொண்டு என்ன பாடு பட்டாள் என்று உனக்குத் தெரியும், இந்த முறை ஆஸ்பத்திரியில்தான் ஆக வேண்டும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி அக்கரையில். முன்கூட்டியே அங்கே போய்த் தங்கலாம் என்றால் மூத்தவனுக்கு அம்மை போட்டிருக்கிறது, புருஷன் வடக்கே லாரியில் போயிருக்கிறான். மழை தொடங்கிவிட்டது. ஆறு சிவப்பாக ஓட ஆரம்பித்தால் எசுமான் படகைக் கரையில் கவிழ்த்துவிடுவான், அவன் அப்பன் அந்த ஆற்றில் போனவன். உன் அம்மா அபெனா என் வாசலில் நின்று, "அண்ணா, உன் வாய் ஊருக்கெல்லாம் பெரிசு. என் பொண்ணு நடக்கப் பதினெட்டு அடிக்கு அதால ஒண்ணும் ஆகல" என்றாள். அதன்பிறகு உப்புக் கேட்டாலும் பிள்ளையை அனுப்பித்தான் கேட்கிறாள். பெண்களுக்குச் சட்டத்தின் நுணுக்கம் விளங்காது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. உன் மேலதிகாரியிடம் நயமாக எடுத்துச் சொல்லி, இது வழக்கப்படி தானமாகிவிட்டது, சாட்சி உண்டு, வீடியோ உண்டு, நன்றிப்பொருள் இரண்டு குட்டியும் போட்டிருக்கிறது என்று உன் அமைச்சகத்தின் தலைப்புத்தாளில் தூதரகத்துக்கு எழுதச் சொல். அப்படியே இந்த வருஷம் நாட்டின் கடன் பட்டியலில் ஒரு வரி குறைந்தால் உனக்கும் நல்ல பெயர்தானே. மற்ற ஊர்த் தலைவர்களும் தங்கள் ஊர்க் கட்டடங்களுக்கு அசெதா கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். நாலைந்து பேர் ஆள் அனுப்பி என்ன வகை ஸ்நாப்ஸ் என்று விசாரித்துவிட்டார்கள்.

வேறு விசேஷமில்லை. உன் முகம் வெளிறாமல் இருக்கட்டும், உன் மேசைக்கு வரும் தாள்கள் எல்லாம் பதில் தேவைப்படாத தாள்களாக இருக்கட்டும், நீ நீண்ட நாள் இருந்து என் கோலைக் கையில் பிடிக்கும் காலத்தில் உன் வாயில் பல் எல்லாம் இருக்கட்டும். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. உன் மாமி வெங்காயம் விலை கேட்கச் சொன்னாள்.

உன் தாய்மாமன்
ஒச்சியாமே குவாகு டார்க்வா

பின்குறிப்பு, மே 16, வெள்ளிக்கிழமை. டிரைவருக்கு வண்டி பழுது, நான்கு நாளாகக் கடிதம் என்னிடமே கிடந்தது. மேலே எழுதியதை உன் மேலதிகாரியிடம் காட்டிவிடாதே.

நேற்று வியாழக்கிழமை நடுப்பகலில் அகோசுவாவுக்கு வலி கண்டது. தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. முந்தின நாள் மலைப்பக்கம் பெய்த மழையில் ஆறு கரை தொட்டு ஓடியது, எசுமான் படகைக் கவிழ்த்துவிட்டான். உன் அம்மா அவளைத் தோளில் தாங்கிக்கொண்டு பாலத்து வாயில் வந்து நின்றாள். எதற்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது, வேறு போக இடமில்லை, வந்து நின்றாள். நான் கோலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்தக் கோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, யாவ். மேஸ்திரி ஆட்டத்திலிருந்து எழுந்தார். ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்ற உத்தரவு அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. நம் பையன்கள் ஆறு பேரைக் கூப்பிட்டு, இரும்புக் குழாய்களைக் குறுக்கே செருகி, மேலே பலகை போட்டு, ஆணியும் அடித்தார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் தான் மட்டும் போய்க் குதித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு அகோசுவாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அவள் ஆற்றைப் பார்க்காமல் தன் முகத்தையே பார்க்கும்படி, பின்பக்கமாக நடந்து அவளை அக்கரை சேர்த்தார். அவருக்கு நம் பாஷையில் தெரிந்த சொல் நாலைந்துதான். "மெதுவா, மெதுவா" என்பதையே வழி முழுவதும் சொல்லிக்கொண்டு போனார். சாயங்காலம் ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளை குறுக்கேதான் இருந்ததாம், ஆஸ்பத்திரியானதால் இரண்டு உயிரும் பிழைத்தது. வியாழக்கிழமை என்பதால் உன்னைப் போல அவனும் யாவ்.

இன்று விடியலில் அபெனாவும் நானும் புட்டியோடு மேஸ்திரியின் கொட்டகைக்குப் போனோம். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினார். எங்கள் ஞாயிற்றுக்கிழமை முரசுக்குப் பிறகு தூதரகத்திலிருந்து வந்ததாம்: அந்த நாட்டு ஊழியர் எவரும் உள்ளூர் மக்களிடமிருந்து எந்த வடிவத்திலும் நன்றி பெறக் கூடாது. "வேண்டாம். வேலை போயிடும். வீட்ல மூணு பிள்ளை படிக்குது" என்றார். நேற்றுப் பலகை போட்டது தெரிந்தாலே போய்விடும் என்பதை நம் பையன்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அபெனா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வாங்கிக்கொள்ளாத நன்றி என்ன ஆகும் என்று நம்மில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அது கடன். இருபத்தைந்து வருஷத் தவணை எல்லாம் கிடையாது, அப்படியே நிற்கும். வேலை மறுபடி தொடங்கிவிட்டால் அந்தப் பலகையும் வேலையோடு சேர்ந்துவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். தொடங்காவிட்டால் அது அவர் தலையில் விடியும்.

அங்கிருந்து நேரே அரண்மனைக்குப் போனேன். கோலை நானாவின் காலடியில் வைத்தேன். "அன்னிக்கு அவரு கடன்னு சொன்னாரு, நானா. அஞ்சு தடவை. நான்தான் முழுங்கினேன்" என்றேன். நானா கோலைப் பார்த்தார். பிறகு ஏன் என்று மட்டும் கேட்டார். "குடைக்குக் கீழ உக்காந்திருந்தீங்க. ஊரு முன்னாடி உங்களைக் கடன்காரர்னு சொல்ல நாக்கு வரல." நானா, "உங்களை நம்பித்தானே அந்த ஆளை நான் அலைய விட்டேன்" என்றார். அவர் குரல் எனக்குத்தான் முப்பத்தொரு வருஷமாகப் பழக்கம், இந்தக் குரலை நான் கேட்டதில்லை. தூதரகத்தின் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார், இந்தக் கடிதத்தோடு வருகிறது, கைக்கு வந்ததுமே அவர்களிடம் சேர்த்துவிடு, திங்கட்கிழமை வேலை தொடங்கட்டும். தவறிப்போய்க் கொடுத்த அசெதா செல்லாது என்று சபை தீர்ப்பு. சபையை ஏமாற்றியதற்கு எனக்கு ஒரு ஆடு தண்டம், தூதரக ஆட்டைக் கொடுத்துக் கணக்குத் தீர்க்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். கோல் வேறு வீட்டுக்குப் போகிறது. உனக்கு வரவேண்டியது வராமல் போயிற்று, மருமகனே, அதற்கு வருந்துகிறேன். உன் அம்மா மத்தியானம் எனக்கு ஃபுஃபு கொண்டுவந்து வைத்து, நான் சாப்பிடும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இன்னும் ஒரு காரியம், இது அவசரம். வருகிற வியாழக்கிழமை எட்டாம் நாள், பிள்ளைக்குக் கிழமைப் பெயரோடு சேர்த்து இன்னொரு பெயரும் வைக்க வேண்டும். அகோசுவாவின் புருஷனிடம் போனில் பேசியாயிற்று, அவனுக்குச் சம்மதம். ஆனால் மூன்று வருஷமாக ஊரே அந்த மனிதரை மேஸ்திரி என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறது. உன் அமைச்சகத்து ஒப்பந்தத் தாள்களில் எங்காவது அவர் பெயர் இருக்கும். முழுப்பெயரையும் எப்படி உச்சரிப்பது என்பதோடு எழுதி அனுப்பு. சுற்றறிக்கையை மூன்று தரம் படித்துப் பார்த்துவிட்டேன், பிள்ளைக்குப் பெயர் வைப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.